பந்திப்பூர் வழியா, பெஞ்ச் வழியா?

காட்டைப் பிளக்கும் நெடுஞ்சாலைக்கு இந்தியாவில் இரண்டு விதமான பதில்கள் உண்டு. கர்நாடகத்தின் பந்திப்பூரில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை சாலையை மூடுகிறார்கள். ஆம்புலன்சுக்கும் சில பேருந்துகளுக்கும் மட்டும் அனுமதி. செலவு குறைவு, மரம் வெட்ட வேண்டாம், காடு இரவில் நிஜமாகவே அடங்குகிறது. வயநாட்டு மக்களுக்குச் சுற்றுப்பாதை சிரமம்தான்.

மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர எல்லையில் உள்ள பெஞ்ச் புலிகள் காப்பகத்தில் வேறு கதை. நாக்பூர் செல்லும் 44-ஆம் எண் சாலையை நான்கு வழியாக்கியபோது, விலங்குகள் சாலைக்கு அடியில் கடக்க 9 அமைப்புகள் கட்டினார்கள். பெரியது 750 மீட்டர். ஒலி, வெளிச்சத் தடுப்புகளும் உண்டு. புலிகள் அடியில் நடந்துபோனதைக் கேமராக்கள் பதிவு செய்தன. ஆனால் மரங்கள் போனது போனதுதான்.

சரி, எது மேல்? மூட முடிகிற சாலை என்றால், தயங்காமல் பந்திப்பூர் வழி.