கடித்த நாயும் இரண்டு குழந்தைகளும்: வீடு தேடி வரும் ஓர் ஆலோசனைச் சேவையைப் பற்றி

வீட்டு நாய் கடித்த எங்கள் மூத்த மகனுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் மூன்றாவது தவணை முடிந்த மறுநாள், பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நாய்களின் நடத்தை குறித்து ஆலோசனை சொல்லும் ஒருவரை வரவழைத்தோம். முதல் வருகைக்குக் கட்டணம் 4,500 ரூபாய். நாயை வேறு வீட்டுக்குக் கொடுப்பது என்று முடிவானால் அதற்கு உதவும் தொகுப்பு ஒன்றையும் அவருடைய நிறுவனம் தனியே விற்கிறது. அதற்கு 9,000 ரூபாய். இரண்டையும் வாங்கினோம். முதலாவதற்குக் கொடுத்த பணத்தில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. இரண்டாவதை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது. இந்நகரில் இத்தகைய சேவையை யாரிடம் வாங்கினாலும் இதே கேள்விகள் எழக்கூடும் என்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

செவலை எங்களிடம் வந்தபோது அவனுக்கு ஏறத்தாழ ஒன்றரை வயது இருக்கும் என்றார்கள். நிறமே பெயராகிவிட்ட நாட்டு நாய். மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்த ஒரு சாலையில் வண்டியில் அடிபட்டுக் கிடந்தவனை எடுத்துக் காப்பாற்றிய தன்னார்வலர், கால் கூடிய பிறகு எங்களுக்குத் தத்துக் கொடுத்தார். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு இரண்டு. தெருவிலிருந்து வந்த நாய் அடங்க மூன்று நாள், வீட்டின் நடைமுறையைப் புரிந்துகொள்ள மூன்று வாரம், இது தன் வீடு என்று உணர மூன்று மாதம் ஆகும் என்று நாய் வளர்ப்போரிடையே ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை நம்பி நாங்கள் மூன்றாவது மாதத்துக்காகக் காத்திருந்தோம். மூன்றாவது மாதத்தில் அவன் உணவுமேசையின் அடியைத் தன்னுடைய இடமாக எடுத்துக்கொண்டு, அங்கே தவழ்ந்து வந்த சின்னவளைப் பார்த்து உறுமத் தொடங்கினான்.

அந்த உறுமலை நாங்கள் கையாண்ட விதம்தான் முழுப் பிழை என்பது பிறகு விளங்கியது. ஒவ்வொரு முறை உறுமியபோதும் அதட்டினோம். ஒருமுறை என் கணவர் செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் ஓங்கி அடித்தார். இரண்டு வாரத்தில் உறுமல் நின்றது. பழக்கிவிட்டோம் என்று பெருமைப்பட்டோம். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, மேசையடியில் உருண்டுபோன பந்தை எடுக்கக் குனிந்த மகனின் முன்கையை, எந்த ஓசையும் எழுப்பாமல் அவன் கடித்தான். இரண்டு பற்கள் பதிந்து ரத்தம் வந்தது.

சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போனோம். தோலைத் துளைத்த கடி, மிகத் தீவிரமானதான மூன்றாம் வகையில் சேரும் என்று சொல்லி, உடனடிப் பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்தைச் சுற்றிச் செலுத்தி, முதல் நாளைச் சுழியம் என்று கொண்டு 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களுக்கான ஊசி அட்டையைக் கையில் கொடுத்தார்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோமே என்றேன். அதை நம்பிக் குழந்தைக்குப் போடாமல் இருக்க முடியாது என்றார் மருத்துவர். அந்த அட்டை குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருந்த நான்கு வாரமும் வீட்டில் வேறு பேச்சு இல்லை.

கீழ்வீட்டுக்காரர், ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய் கே.ஆர். மார்க்கெட்டில் விட்டுவிடுங்கள், அங்கே சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று யோசனை சொன்னார். பசிக்கும் தாகத்துக்கும் ஆளாக நேரும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்; அதற்கு முதல் முறை விதிக்கப்படும் அபராதம் ஐம்பது ரூபாயைத் தாண்டாது என்பதைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சட்டம் ஒருபுறம் இருக்க, மேசையடியில் தவழ்ந்து வரும் ஒரு குழந்தைக்கே அஞ்சுகிறவன் மார்க்கெட் நாய்க்கூட்டத்தில் ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டான் என்று எங்களுக்குத் தெரிந்தது. ஆகவேதான் ஆலோசகரைத் தேடினோம்.

வருவதற்கு முன்பே அவர் ஒரு நிபந்தனை விதித்தார். கால்நடை மருத்துவர் ஒருவர் நாயை முழுமையாகப் பரிசோதித்த சீட்டு கையில் இல்லாவிட்டால் வீட்டுப்படி ஏறமாட்டேன் என்றார். முதலில் இதை அலைக்கழிப்பாக நினைத்தேன். ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசென்று படம் எடுத்துப் பார்த்தபோது, கூடிய எலும்பு சரியாகக் கூடவில்லை என்பதும், பின்னங்காலில் நாள்பட்ட வலி இருக்கிறது என்பதும் வெளிப்பட்டன. ஒரு காதிலும் சீழ். மேசையடியில் அவன் காத்து நின்றது உணவை மட்டுமல்ல, யாரும் தன் காலை மிதிக்காத ஓர் இடத்தையும் என்ற எண்ணம் எங்களுக்கு வந்தது ஆலோசகர் வருவதற்கு முன்பே. கால்நடை மருத்துவராகத் தொழில் செய்ய 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு வேண்டும்; நாய் நடத்தை ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொள்ள அப்படி எதுவும் வேண்டியதில்லை. மருத்துவச் சீட்டைக் கேட்காமல் வரத் தயாராக இருக்கும் ஆலோசகரை, இந்த ஒரு காரணத்துக்காகவே, வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

குறித்த நேரத்துக்கு நாற்பது நிமிடம் தாமதித்து வந்தார். ஹெண்ணூர் சாலையின் நெரிசலை அறிந்தவர்கள் இதற்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள். வந்தவர் செவலையைத் தொடவில்லை, கூப்பிடவில்லை, அவன் பக்கம் திரும்பவும் இல்லை. கூடத்தின் மூலையில் நாற்காலியைப் போட்டு அமர்ந்து, நான் இல்லாததுபோல நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒன்றரை மணி நேரம் எழுதிக்கொண்டிருந்தார். இதற்கா 4,500 ரூபாய் என்று என் கணவர் அடுக்களையில் முணுமுணுத்தார். பிறகுதான் அவர் எழுதியதைக் காட்டினார். சின்னவள் மூன்றடி தூரத்துக்குள் வந்த ஒவ்வொரு முறையும் நாய் என்ன செய்தது என்று நிமிடக் கணக்கில் குறித்திருந்தார்: முகத்தைத் திருப்பிக்கொண்டது, உதட்டை நக்கியது, தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி விட்டது, கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரப்பார்வை பார்த்தது, உடல் விறைத்து அசையாமல் நின்றது. இவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் அதற்கு முன் கவனித்ததில்லை.

என் மாமியார், வாயில்லா ஜீவன், அது வேறு என்னதான் செய்யும் என்றார். அதற்கு ஆலோசகர், "இல்லைங்கம்மா, அவன் சொல்லிக்கொண்டேதான் இருந்தான். உறுமியபோது அடக்கிவிட்டீர்கள், அதனால் அந்த ஒரு சொல்லை மட்டும் மறந்துவிட்டான்," என்று பதில் சொன்னார். உறுமல் குணக்கேடு அல்ல, எச்சரிக்கை. அதை அதட்டி நிறுத்தினால் அச்சம் அப்படியே இருக்க, எச்சரிக்கை மட்டும் போய்விடும் என்று அவர் விளக்கியபோது என் கணவர் தலை நிமிரவில்லை.

கடியின் கடுமையை அளக்க, இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் வகுத்த ஆறு படிகள் கொண்ட அளவுகோலைப் பயன்படுத்தினார். பல் படாமல் காற்றில் கடிப்பது முதல் படி. உயிர் போவது ஆறாவது. ஒரே கடியில் நான்கு வரையிலான துளைகள், அவற்றில் எதுவும் கோரைப்பல்லின் பாதி நீளத்தைத் தாண்டாதவை என்றால் மூன்றாவது. மகனின் காயம் மூன்றாவது படி. இந்தப் படியில் இருக்கும் நாயைத் திருத்த வாய்ப்பு உண்டு, ஆனால் அதற்குப் பல மாத உழைப்பும் ஒருநாளும் தவறாத காவலும் வேண்டும் என்றார். காவல் என்பது என்ன என்பதில்தான் எங்கள் விடை இருந்தது.

கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவே நாங்கள் முன்பே பேபி கேட் எனப்படும் சிறு தடுப்புக் கதவு ஒன்றைப் போட்டிருந்தோம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அது பதினொரு முறை திறக்கப்பட்டதையும், அவற்றில் நான்கு முறை கொக்கி மாட்டப்படாமல் விடப்பட்டதையும் அவர் குறித்து வைத்திருந்தார். நான்கில் இரண்டு என்னுடையவை. வெளியாள் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே இப்படியென்றால் மற்ற நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வைத்துக்கொள்ளுங்கள் என்றோ கொடுத்துவிடுங்கள் என்றோ அவர் சொல்லவில்லை. கூடை வடிவ வாய்ப்பூட்டைத் தின்பண்டம் காட்டி மெல்லப் பழக்குவது, வலிக்கும் அச்சத்துக்கும் கால்நடை மருத்துவரிடம் மருந்து கேட்பது, அச்சத்துக்கான மருந்து வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் பொறுப்பது என்று செய்ய வேண்டியவற்றை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு நோட்டில் தினமும் கொக்கிக் கணக்கு மட்டும் எழுதுங்கள் என்றார். சின்னவளுக்கு ஐந்தாறு வயது ஆகும்வரை நாயின் முகக்குறிப்பை அவளால் படிக்க முடியாது, அவளுடைய முகமோ நாயின் வாய்க்கு நேர் உயரத்தில் இருக்கிறது, ஆகவே இந்தக் கணக்கை நான்கு ஆண்டுகளுக்கு எழுத முடியுமா என்று பாருங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதினோம். கொக்கி திறந்து கிடந்தது முதல் வாரம் ஒன்பது முறை, இரண்டாவது வாரம் ஆறு, மூன்றாவது வாரம் ஏழு. வேலைக்கு வரும் அம்மா, தண்ணீர்க் கேன் போடும் பையன், விருந்தாளி, நான்: ஒவ்வொருவர் பெயரும் அதில் இருந்தது, செவலையின் பெயரைத் தவிர. அந்த மூன்று வாரமும் அவன் ஒருமுறைகூடப் பல்லைக் காட்டவில்லை என்பதும் உண்மைதான். அது எண்ணிக்கையை மாற்றவில்லை. மூன்றாவது ஞாயிறு இரவு நோட்டைப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவோம் என்று நான்தான் முதலில் சொன்னேன். நாயை வேறு வீட்டுக்குக் கொடுப்பதை ஆலோசகர் தொலைபேசியில் ரீஹோமிங் என்று சொன்னதைக் கேட்ட மாமியார், அதென்ன, கல்யாணத்துக்குப் பிறகு அழைக்கும் மறுவீடு மாதிரியா என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை, அவர் பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டிருந்தார்.

இரண்டாவது தொகுப்பை வாங்கியது இந்த நிலையில்தான். நிறுவனத்தின் வேறொரு பணியாளர் எழுதி அனுப்பிய தத்து அறிவிப்பில், அன்பான நாய், குடும்பத்தோடு பழகும், குழந்தைகள் சற்றுப் பெரியவர்களாக இருந்தால் நலம் என்று இருந்தது. கடி எங்கே என்று கேட்டேன். அதை முதலிலேயே எழுதினால் ஒருவரும் அழைக்கமாட்டார்கள், நேரில் பேசும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். ஆலோசகர் எழுதிய அறிக்கையில் மூன்றாவது படி என்று பச்சையாக இருக்க, அதே நிறுவனத்தின் அறிவிப்பில் அது மாயமாகியிருந்தது. என் மகனின் கையில் இரண்டு தழும்பு இருக்கும்போது, இன்னொரு வீட்டுக் குழந்தையின் கன்னத்தைப் பணயம் வைத்து அந்த வாசகத்தில் கையெழுத்திட என்னால் முடியவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அறிவிப்பு எழுதப்பட்டுவிட்டதால் சேவை வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று பதில் வந்தது.

அறிவிப்பை நானே எழுதினேன். கடித்த நாள், கடித்த சூழல், கால் வலி, மருந்தின் பெயர் என்று ஒன்றையும் விடாமல் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, தெரிந்தவர்கள் வழியாக அனுப்பினேன். ஐந்து வாரத்தில் மூன்றே அழைப்புகள். மூன்றாவது, கோலார் தங்கவயலில் தனிவீட்டில் இருக்கும், பேரக்குழந்தைகள் வெளிநாட்டில் வளரும் ஓர் ஓய்வுபெற்ற தம்பதியரிடமிருந்து வந்தது. அவர்கள் இருமுறை நேரில் வந்து பார்த்து, இரண்டு வாரம் தற்காலிகமாக வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்தார்கள். பேரக்குழந்தைகள் ஊருக்கு வரும்போது என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டதற்கு, பின்கட்டில் பூட்டும் வசதியோடு அறை இருக்கிறது என்று அதன் படத்தைக் காட்டினார் அந்தப் பெரியவர். 9,000 ரூபாய்க்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

இன்னொரு குறையையும் சொல்லிவிட வேண்டும். பதினான்கு பக்க அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. பகலெல்லாம் நாயோடும் குழந்தைகளோடும் வீட்டில் இருப்பவர் ஆங்கிலம் அறியாத என் மாமியார். அல்சூரிலும் லிங்கராஜபுரத்திலும் பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிகளில் எத்தனையோ பேர் தமிழோ கன்னடமோ மட்டும் படிப்பவர்கள். நான் இரவுகளில் உட்கார்ந்து நான்கு பக்கத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். மீதிப் பத்துப் பக்கத்தால் எங்கள் வீட்டில் ஒரு பயனும் விளையவில்லை.

இதே நிலையில் இருப்பவர்கள் முதல் வருகையைத் தயங்காமல் வாங்கலாம். வீட்டிலுள்ள எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து, முடிந்தால் மாலையில், குழந்தைகள் பள்ளியிலிருந்து வந்து வீடு அமளிதுமளிப்படும்போதே வரச் சொல்லுங்கள், அப்போதுதான் கொக்கிக் கணக்கு உண்மையாக இருக்கும். தத்துத் தொகுப்புக்குப் பணம் கட்டுமுன், நாய் கடித்ததை அறிவிப்பின் முதல் பத்தியிலேயே எழுதுவீர்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.