வி.எம்.சி.யிலிருந்து எச்.எம்.சி.க்கு: ஜீரோவை எங்கே வைப்பது?

வி.எம்.சி.யிலிருந்து (ஸ்பிண்டில் செங்குத்தாக நிற்கும் மெஷினிங் சென்டர்) எச்.எம்.சி.க்கு (ஸ்பிண்டில் கிடையாக இருப்பது) மாறும்போது, புரோகிராமில் வெட்டும் வரிகள் பெரிதாக மாறாது. எச்.எம்.சி.யிலும் ஸ்பிண்டில் இசட் அச்சில்தான் இருக்கிறது. ஜி17 (எக்ஸ்-ஒய் தளம்), ஜி43 (டூல் நீள ஈடு), ஜி81 (துளையிடும் சுழற்சி) எல்லாம் பழையபடியே. ஸ்பிண்டிலுக்குப் பின்னால் நின்று ஜாப்பை (வெட்டப்படும் பொருளை) பார்ப்பதாக நினைத்துக்கொண்டால் வலப்பக்கம் எக்ஸ், மேலே ஒய். தலைவலி வேறு இடத்தில். டூம்ஸ்டோன் (நான்கு பக்கமும் ஜாப் மாட்டும் தூண்) சுழல்கிறது, அதோடு ஜீரோவும் (அளவுகள் தொடங்கும் புள்ளி) நகர்கிறது. அதைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, முகத்துக்கு ஒரு ஆஃப்செட் (ஜீரோ இருக்கும் இடத்தைக் கன்ட்ரோலில் பதியும் எண்கள்). 0°, 90°, 180°, 270° என ஒவ்வொன்றிலும் தனியாகத் தொட்டு எடுப்பது. வி.எம்.சி. செட்டருக்குப் பழகிய வேலை. ஒரு முகத்தில் 0.02 மி.மீ. தள்ளியிருந்தால் அதை மட்டும் திருத்தலாம். முகத்துக்கு இரண்டு ஜாப் என்றால் எட்டு ஆஃப்செட் வேண்டும்; ஃபானுக் கன்ட்ரோலில் ஜி54 முதல் ஜி59 வரை ஆறுதான், மீதிக்கு ஜி54.1. ஆனால் 0°-யில் ஒரு போர் (துல்லியமாகக் குடைந்த துளை), 180°-யில் அதே மையக்கோட்டில் இன்னொரு போர் என்று டிராயிங் கேட்டால், இரண்டு முறை தொட்டதில் வந்த பிழையும் சேர்ந்து ஜாப்பில் தெரியும்.

இரண்டாவது வழி, சுழல்மையத்தில் ஒரே ஜீரோ. கேம் (புரோகிராம் எழுதித் தரும்) மென்பொருள் எல்லா முகத்தையும் மையத்திலிருந்தே கணக்கிட்டுத் தரும். பார்க்க அழகு. ஆனால் ஃபிக்ஸ்சர் (ஜாப்பைப் பிடிக்கும் சாதனம்) கேமில் வரைந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். 0°-யில் எக்ஸில் 0.3 கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். வி.எம்.சி. பழக்கத்தில் ஆஃப்செட்டில் 0.3 கூட்டினால் அந்த முகம் சரியாகிவிடும். 180°-யில் அதே பிழை எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பதால் அங்கே 0.6 தவறும். 90°-யில் அந்த 0.3 இசட்டுக்குப் போய், ஆழம் கெடும். புதிதாக வருபவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான்.

மூன்றாவது வழி, 0°-யில் ஒருமுறை அளந்து, மற்ற கோணங்களை மேக்ரோ (கணக்குப் போடும் சிறு புரோகிராம்) கணக்கிட்டு ஜி10 கட்டளை மூலம் ஆஃப்செட்டில் எழுதுவது. மையத்திலிருந்து எக்ஸ் 30, இசட் 120-ல் உள்ள புள்ளி, 90° திரும்பினால் எக்ஸ் 120, இசட் -30 ஆகும். மேசை எதிர்த்திசையில் சுழலும் மெஷினில் -120, 30. எந்தத் திசை என்பதை முதல் நாளே டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். இதே கணக்கைக் கன்ட்ரோலே போட ஃபானுக்கில் ஜி54.2 இருக்கிறது, ஆனால் அது ஆப்ஷன். எங்கள் தேர்வு இந்த மூன்றாவது வழிதான்: ஒரே அளவீடு, முகத்துக்கு முகம் திருத்தவும் இடம்.

இரண்டாவது, மூன்றாவது வழிகளுக்கு மையம் துல்லியமாகத் தெரிய வேண்டும், 0.01 பிழை 180°-யில் 0.02 ஆகும். ஒரு கிரவுண்ட் பிளாக்கின் (கிரைண்ட் செய்த கட்டை) பக்க முகத்தை 0°-யில் எட்ஜ் ஃபைண்டரால் (விளிம்பைக் கண்டறியும் கருவி) தொடுங்கள். 180° திருப்பி, அதே முகத்தை மறுபக்கமிருந்து தொடுங்கள். இரண்டு எக்ஸ் அளவுகளின் சராசரிதான் மையம். ஃபைண்டர் ஆரம் தானே அடிபட்டுப்போகும். வித்தியாசத்தில் பாதியிலிருந்து அந்த ஆரத்தைக் கழித்தால் மையத்திலிருந்து முகம் வரையுள்ள தூரம். பிறகு அந்த முகம் ஸ்பிண்டிலைப் பார்க்குமாறு திருப்பி, நீளம் தெரிந்த டூலால் இசட்டில் தொட்டு, அந்தத் தூரத்தைக் கழித்தால் இசட் மையம். மெஷின் சூடேறிய பிறகு செய்யுங்கள்; காலை முதல் வேலையாக எடுத்த மையம் மதியம் அதே இடத்தில் இருக்காது.

டூல் நீளம் வி.எம்.சி.யில் யாரும் யோசிக்காத விஷயம். ஸ்பிண்டில் மூக்கு பேலட் (டூம்ஸ்டோன் நிற்கும் மேசைத் தட்டு) மையத்துக்கு 200 மி.மீ. வரைதான் நெருங்கும் என்று வைத்துக்கொள்வோம். டூம்ஸ்டோனின் பாதி 100, ஃபிக்ஸ்சர் பிளேட் 25. ஜாப்பின் அடிப்பகுதி மையத்திலிருந்து 125-ல். 3 மி.மீ. ஊடுருவ வேண்டிய டிரில்லுக்குக் குறைந்தது 78 மி.மீ. கேஜ் நீளம் (ஸ்பிண்டில் மூக்கிலிருந்து டூல் நுனி வரை) வேண்டும். அதற்குக் குறைந்தால் அச்சு எல்லை தாண்டும் ஓவர்டிராவல் அலாரம். நீளத்தைக் கண்டபடி கூட்டினாலோ அதிர்வு, திருப்பும்போது இடி. ஜாப்போடு சேர்த்து 300 சதுரம் என்றால் மூலை 212 ஆரத்தில் சுற்றும். அதனால் திருப்பும் முன் இசட் ஹோமுக்குப் போகட்டும்.

வரிசையிலும் போட்டி உண்டு. நான்கு முகம், பத்து டூல்: முகம் முகமாக முடித்தால் 40 டூல் மாற்றம். டூல் வாரியாக ஓட்டினால் பத்துதான். ஒரு டூல் முடிந்த முகத்திலேயே அடுத்ததைத் தொடங்கினால் திருப்புவதும் 30-ல் நிற்கும். ஆனால் டிரில் இரண்டாவது ஜாப்பில் உடைந்தால், டேப் (மரை வெட்டும் டூல்) துளையில்லாத இடத்தில் போய் முட்டும். டூல் உடைவைக் கண்டறியும் வசதி இல்லாத மெஷினில் முகம் முகமாகவே ஓட்டுவது உத்தமம். ஜாப் மாட்டாத காலி இடங்களைத் தாண்ட #501 முதல் #508 வரை ஜாப்புக்கு ஒரு மாறி வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் நின்ற புரோகிராமை மறுபடி தொடங்கும்போது வி.எம்.சி.யில் டூல் வரியிலிருந்து போனாலே போதும். இங்கே ஒவ்வொரு டூலின் தொடக்கத்திலும் கோணம், ஆஃப்செட், டூல் நீளம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். கோணம் விட்டுப்போனால் டூல் வேறு முகத்தில் இறங்கும்.

ஒரே பக்கம் வேலையுள்ள மெல்லிய பிளேட்டை இங்கே கொண்டுவராதீர்கள். அது வி.எம்.சி.யிலேயே இருக்கட்டும்.