உக்கடம் மாட்டிறைச்சிக் கடையும் வீட்டு ஸ்டூவும்

கோவை உக்கடத்தில் 2 ஆண்டுகளாக நான் மாட்டிறைச்சி வாங்கும் சிறு கடையை, வீட்டில் ஸ்டூ சமைக்க விரும்புவோருக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஸ்டூவுக்கு என்று சொன்னால் போதும். கடைக்காரர் தொடைக்கறியை ஒதுக்கிவிட்டு, வெண்சவ்வு ஊடோடிய கால்சதையை இரண்டு விரல் கனத்துக்கு வெட்டி, மஜ்ஜை எலும்பு ஒன்றையும் சேர்த்துத் தருகிறார். அந்தச் சவ்விலுள்ள கொலாஜன் என்ற புரதம் இளந்தீயில் இரண்டரை மணி நேரம் வேகும்போது பசைபோன்ற ஜெலட்டினாகக் கரைவதால்தான், மாவு கரைத்து ஊற்றாமலேயே சாறு உதட்டில் ஒட்டும் அளவுக்குக் கெட்டிப்படுகிறது. சின்ன வெங்காயத்துக்கு முன்பாகவே கறியைச் சிவக்க வறுத்துவிட வேண்டும். ஊட்டி உருளைக்கிழங்கும் கேரட்டும் கடைசி அரைமணி நேரத்தில் போட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை 9 மணிக்குமேல் சென்றால் கால்சதை கிடைப்பதில்லை என்பதே குறை. ஒருமுறை சொல்லாமலே தொடைக்கறியைக் கலந்துவிட்டார்கள், அது நார்நாராக உலர்ந்துபோயிற்று.