வால்வு சிடி பிளேயர்: நாள்பட்ட அனுபவம்

வால்வு (பழைய ரேடியோக்களில் ஒளிரும் அந்தக் கண்ணாடிக் குழாய்) வைத்த சிடி பிளேயர் வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அடுத்து கேட்பது, "ஒலி இதமாக இருக்குமா?" என்பதுதான். இருக்கும். ஆனால் அவர்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு இருக்காது. சில வருடங்களாக இப்படி ஒரு பிளேயரில்தான் பாட்டு கேட்கிறேன். மாடல் பெயர் வேண்டாம், இப்போது அது தயாரிப்பில் இல்லை. நான் சொல்வதில் பெரும்பகுதி இந்த வகை பிளேயர்கள் பலவற்றுக்கும் பொருந்தும்.

வால்வு இதில் எங்கே வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிஸ்கைச் சுழற்றுவது, லேசர் கொண்டு படிப்பது, 16 பிட் எண்களை அனலாக் சிக்னலாக மாற்றுவது எல்லாம் மற்ற பிளேயர்களில் உள்ள அதே மோட்டாரும் சில்லுகளும்தான். சிக்னல் டிஏசியை, அதாவது எண்களை அனலாக்காக மாற்றும் சில்லை, விட்டு வந்தபிறகு, ஆம்ப்ளிஃபயருக்குக் கிளம்பும் கடைசிக் கட்டத்தில்தான் வால்வு வருகிறது. என் பிளேயரில் இருப்பவை 6922 வகை, சேனலுக்கு ஒன்று. இந்தக் குடும்பம் முதலில் டிவி ட்யூனர்களுக்காக உருவானது; ஆடியோக்காரர்கள் பிற்பாடு சுவீகரித்துக்கொண்டார்கள்.

இந்த பிளேயரில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பின்பக்கம் இரண்டு ஜோடி அவுட்புட் இருப்பது. ஒன்று வால்வு வழியாக, மற்றது ஆப்-ஆம்ப் எனும் பெருக்கிச் சில்லு வழியாக. அதே டிஸ்க், அதே டிஏசி, கடைசிக் கட்டம் மட்டும் வேறு. ஒப்பிட இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆப்-ஆம்ப் வழியில் உச்ச அளவு வழக்கமான 2 வோல்ட், வால்வு வழியில் கிட்டத்தட்ட 3 வோல்ட். வித்தியாசம் சுமார் 3.5 டெசிபல். கொஞ்சம் சத்தமாக வருவதைத்தான் காது "இன்னும் உயிரோட்டமாக இருக்கிறது" என்று நம்பும். கடையில் வால்வு பிளேயரைக் கேட்டு மயங்கியவர்களில் பாதிப் பேர் மயங்கியது இந்த வோல்ட் கணக்கில்தான் என்று நினைக்கிறேன். டெஸ்ட் டிஸ்கில் 1 கிலோஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, மல்ட்டிமீட்டரில் இரண்டு பக்கத்தையும் சமன் செய்தபிறகு கேட்டால், அந்த வியப்பில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது.

சரி, மிச்சம் என்ன? குரல். இங்கே வித்தியாசம் நிஜமாகவே இருக்கிறது. 1980களில் வந்த சிடிகள் சிலவற்றில் "ச", "ஸ" எல்லாம் காதைக் கீறும். வால்வு வழியில் அந்தக் கூர்மை கொஞ்சம் மழுங்குகிறது. பாடகர் மைக்கிலிருந்து அரையடி தள்ளி நின்றதுபோல. இந்த டிரையோட் (மூன்று மின்முனை) வகை வால்வு சேர்க்கும் திரிபு பெரும்பாலும் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது அதே சுரம் மேல் ஸ்தாயியில் மிக மெல்லிசாகக் கூடவே ஒலிப்பது. ஷட்ஜத்தோடு மேல் ஷட்ஜம் சேர்ந்தால் அபஸ்வரமாகாது, அதனால் காது அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. தம்புராவில் இது நன்றாகவே தெரியும், நாதம் கொஞ்சம் தடித்து நிற்கும். வயலினுக்கும் நல்லதுதான், அதிலும் மேல் ஸ்தாயியில்.

மிருதங்கத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். வால்வு வழியில் தொப்பியின் (இடப்பக்கத்தின்) கும்கி கொழுகொழுவென்று வருகிறது, கேட்கச் சுகம். வலந்தலையில் விழும் விரலின் வெட்டு ஆப்-ஆம்ப் வழியில்தான் துல்லியம். தனி ஆவர்த்தனம் என்றால் கேபிளை மாற்றிச் செருகிவிடுவேன். நன்றாகப் பதிவான புது சிடிகளுக்கும் எனக்கு வால்வு தேவைப்படுவதில்லை; அவற்றில் இரண்டு வழிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே மெனக்கெட வேண்டும்.

அப்புறம் வால்வு மாற்றும் ஆசை. இது ஒரு தொற்று. 6922, E88CC, 6DJ8 மூன்றும் நெருங்கிய சொந்தங்கள், பெரும்பாலான பிளேயர்களில் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காரும். மேனுவலைப் பார்த்துவிடுவது நல்லது. 12AX7 வகைக்கும் அதே ஒன்பது பின்தான், ஆனால் வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் இணைப்பே வேறு, அதைக் கொண்டுவந்து இதில் செருகக் கூடாது. மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, கெப்பாசிட்டர்கள் வடிய நேரம் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பது விளையாட்டு வோல்டேஜ் இல்லை. பழைய ஸ்டாக் வால்வுகளையும் இப்போது தயாராகிறவற்றையும் மாற்றிப் போட்டுக் கேட்டிருக்கிறேன். சில ஜோடிகள் இன்னும் அமைதியாக இருந்தன, அவ்வளவுதான். இன்னொரு பிளேயர் வாங்கியதுபோல் இருந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் கரகரவென்று சத்தம் வந்தால், இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். கரகரப்பும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி வால்வு. மாறாவிட்டால் சாக்கெட்டையோ சர்க்யூட்டையோ பார்க்க வேண்டும். சென்சிட்டிவிட்டி அதிகமான (குறைந்த சக்தியிலேயே சத்தமாக ஒலிக்கும்) ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் பாட்டு ஓடாதபோது உயர் ஒலிகளுக்கான ட்வீட்டர் பக்கம் காதை வைத்துப் பாருங்கள், மெல்லிய இரைச்சல் இருக்கும். என் ஸ்பீக்கரில் உட்காரும் இடத்துக்கு அது வருவதில்லை.

சூடு எதிர்பார்த்த அளவுதான். மேல்மூடியில் கை வைத்தால் வெதுவெதுப்பு. அதன்மேல் வேறு பெட்டியை அடுக்காதீர்கள். ஆன் செய்ததும் கொஞ்ச நேரம் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் ஒலியைப் பிடித்து வைத்திருக்கும். ஒலி சரியாக நிலைக்க அரைமணி என்பார்கள், எனக்கு இரண்டாவது பாட்டுக்குள் காது பழகிவிடுகிறது.

இத்தனை நாளில் உண்மையான தலைவலி கொடுத்தது வால்வு அல்ல, லேசர் பிக்கப், அதாவது டிஸ்கைப் படிக்கும் லேசரும் லென்ஸும் சேர்ந்த பாகம். சிடி உள்ளிருந்து வெளிப்புறமாகப் படிக்கப்படுவதால், நீளமான டிஸ்க்குகளில் கடைசிப் பாட்டு விளிம்புக்கு வரும். என் பிளேயர் அங்கேதான் திக்க ஆரம்பித்தது. வீட்டில் எரித்த சிடி-ஆர்களில் இன்னும் மோசம், அவற்றின் பிரதிபலிப்பு குறைவு. லென்ஸைத் துடைத்ததில் கொஞ்ச நாள் ஓடியது, பிறகு பிக்கப்பையே மாற்ற வேண்டியிருந்தது. பரவலாகப் புழங்கிய ரகம் என்பதால் கிடைத்தது. வால்வு இன்றைக்கும் புதிதாகத் தயாராகிறது. பல பிக்கப்புகள் நின்றே போய்விட்டன. பழைய பிளேயர் வாங்குகிறவர்கள் வால்வின் பிராண்டை விசாரிக்கும் முன் பிக்கப்பின் எண்ணை விசாரியுங்கள். 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு டிஸ்கைக் கையோடு கொண்டுபோய், கடைசிப் பாட்டை முழுதாக ஓடவிட்டுக் கேட்டபிறகு பணத்தை எடுங்கள்.