டேங்கின் மூச்சை அடைத்த பட்டறை

யாங்கோனில் பழைய ஜப்பான் கார் வைத்திருப்பவர்கள், பெட்ரோல் டேங்க் வேலைக்கு வண்டியை விடுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது 1995ஆம் ஆண்டு கொரோலா. டேங்க் துருப்பிடித்துக் கசிந்ததால் நம்மவர் ஒருவரின் பட்டறையில் விட்டேன். அடைத்து மாட்டிய மறுநாளே காருக்குள் பெட்ரோல் வாடை, அம்மாவுக்குத் தலைசுற்றல். திரும்பக் கொண்டுபோனேன். கால் மணி நேரத்தில், "சரியாகிவிட்டது, அண்ணே" என்றார். வாடையும் நின்றிருந்தது.

அந்த வாரம் பெகுவுக்குப் புறப்பட்டோம். லேகு தாண்டியதும் வண்டி திணறி நின்றுவிட்டது. 1970 முதல் இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. என் காருக்கோ ஸ்டீரிங்கும் வலப்பக்கம். இடப்பக்கம் இருந்த அம்மா, லாரிகள் உரசிப் போகும் பக்கமாகக் கதவைத் திறந்து இறங்கினார். நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

"பம்பு போய்விட்டது" என்று சொல்லி, புதுப் பம்புக்கு ஒன்றரை லட்சம் கியாட் வாங்கினார் அதே பட்டறைக்காரர். மூன்றாம் நாள் மறுபடி நின்றது.

வேறொரு முதிய மெக்கானிக்கை அழைத்து வந்தேன். அவர் செய்த முதல் வேலை டேங்க் மூடியைத் திறந்ததுதான். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. சாவியைத் திருப்பினேன், வண்டி கிளம்பியது.

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். அந்தக் காற்றும், டேங்கில் எழும் ஆவியும் போய்வருவது ஒரே மெல்லிய குழாயில். அது முன்பக்கக் கரி டப்பாவில் முடிகிறது. கரி ஆவியைப் பிடித்துவைக்கும். என்ஜின் ஓடும்போது அதை உறிஞ்சி எரித்துவிடும். பட்டறைக்காரர் டேங்கை மாட்டியபோது இந்தக் குழாயை இணைக்கவே இல்லை. வாடை வந்ததும் டேங்கின் ஆவிக்குழாயில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்திருக்கிறார்! குழாய் அடைபட்டாலும் காற்றை உள்ளே விட வேண்டிய மூடி வால்வும் துருவில் இறுகியிருந்தது. டேங்க் எப்படி மூச்சு விடும்?

ஒரு முழம் பெட்ரோல் டியூப், இரண்டு கிளிப், ஒரு புது மூடி. வேலை முடிந்தது.

டேங்கைக் கழற்றுமுன் குழாய்களைப் படம் எடுத்து வையுங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை மாட்ட விடாதீர்கள். பெட்ரோல் பட்டு விறைத்து விரிசல் விட்டுவிடும். மூடியைத் திறக்கும்போது லேசான சத்தம் வரலாம், அது இயல்பு. ஆனால் வண்டி திணறி நின்றதும் மூடியைத் திறந்து, காற்று பலமாக உள்ளே பாய்ந்தால், பம்புக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

என் பழைய பம்பைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டாராம்.