வாட்டர் பம்ப் கசிந்தால்: சீல் கிட்டா, புதிய பம்பா?

இஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப் காரில் கெட்டுவருகிறது என்று தெரிந்தபின், திருநெல்வேலியில் ஒருவருக்கு மூன்று வழிகள் உண்டு. பழைய பம்பைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்து, நீர் கசியாமல் தடுக்கும் சீலையும் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கையும் மாற்றி மறுபடி மாட்டலாம்; கிட் போடுவது என்பது இதைத்தான். உதிரிபாகக் கடையில் புதிய பம்ப் வாங்கி மாட்டலாம். அல்லது கார் கம்பெனியின் பெயர் அச்சிட்ட பெட்டியில் வரும் பம்பையே வாங்கலாம். வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் பழைய பம்ப் வாங்குவதையும் சிலர் ஒரு வழியாகச் சொல்வதுண்டு. எவ்வளவு ஓடியது, எந்தத் தண்ணீரில் ஓடியது என்று தெரியாத பொருளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அண்மையில் என் டீசல் காருக்கு நான் புதிய பம்ப்தான் மாற்றினேன். இந்த ஒப்பீடும் அந்தப் பக்கமே சாயும்.

எந்த வழிக்குப் போவதற்கும் முன், பழுது பம்பில்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். வண்ணார்பேட்டை நெரிசலில் நிற்கும்போது வெப்பமுள் ஏறி, புறவழிச் சாலையில் காற்று பட்டதும் இறங்கினால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் மின்விசிறியின் மேல் விழ வேண்டும். நாங்குநேரி, வள்ளியூர் வழியாக நான்குவழிச் சாலையில் சீராக ஓடும்போதோ, செங்கோட்டை தாண்டிப் புளியரை ஏற்றத்தில் இஞ்சின் இழுக்கும்போதோ முள் ஏறினால், கூலண்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) போதிய அளவு சுற்றி வரவில்லை என்று சந்தேகிக்கலாம். அதற்குப் பம்பும் காரணமாகலாம், அடைபட்ட ரேடியேட்டரும் காரணமாகலாம். இஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்து கிடந்தால், சூடேறியதும் கூலண்ட்டுக்கு வழிவிட வேண்டிய தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கக்கூடும்.

பம்ப் தானே தரும் அடையாளங்கள் சில உண்டு. அதன் உடலில் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். சீல் தேய்ந்தால் கூலண்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறுவதற்காக வைத்த வழி அது. அந்தத் துளையைச் சுற்றிப் பச்சையாகவோ சிவப்பாகவோ உப்புப் படிந்தாற்போலக் காய்ந்த கறை தடித்துக்கொண்டே வந்தால் சீலின் ஆயுள் முடிகிறது. பேரிங் போனால் இஞ்சின் வேகத்தோடு சேர்ந்து உயரும் ஓர் உறுமல் கேட்கும். இஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, புல்லி கைக்கு எட்டுமானால் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால், நல்ல பம்பில் ஆட்டமே இருக்காது. இவை எதுவும் இல்லாமலும் பம்ப் கெட்டிருக்கலாம்: உள்ளே நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் இறகுகள் துருவால் கரைந்திருந்தாலோ, பிளாஸ்டிக் இம்பெல்லர் தண்டில் பிடிப்பு விட்டிருந்தாலோ வெளியே ஒரு சொட்டும் கசியாது, வெப்பம் மட்டும் ஏறும். குளிர்நாட்டார் ஹீட்டரில் சூடு வராததை வைத்தும் இதைக் கண்டுபிடிப்பர். நம் ஊரில் அந்தக் குமிழைத் திருப்பிப் பார்த்தவர்கள் குறைவு.

இனி வழிகளுக்கு வருவோம். "அண்ணாச்சி, கிட்டு போட்டா பாதிக் காசுல முடிஞ்சிரும்" என்று மெக்கானிக் சொல்வதில் பொய் எதுவுமில்லை. கைத்தேர்ச்சியுள்ள லேத்காரர் பழைய தண்டை அழுத்தி எடுத்துப் புதிய பேரிங்கையும் சீலையும் சரியான ஆழத்தில் இறக்கிவிடுவார். லாரிகளிலும் டிராக்டர்களிலும் பழைய அம்பாசடர் போன்ற கார்களிலும் பம்ப் இஞ்சினின் முன்புறம் வெளியே தெரிய நிற்கும். வார்ப்பிரும்பு உடல் பலமுறை அழுத்தினாலும் தாங்கும். அவற்றுக்குக் கிட் போடுவதே கெட்டிக்காரத்தனம் என்பேன். இன்றைய கார்ப் பம்புகள் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. பேரிங் அமரும் துளை ஒருமுறை தளர்ந்துவிட்டால் அடுத்த பேரிங் இறுக்கமாக அமராது; இம்பெல்லருக்கும் உடலுக்கும் நடுவேயுள்ள இடைவெளி சற்றே கூடினாலும் நீரோட்டம் குறைந்துவிடும்.

இவற்றையெல்லாம்விட என் முடிவைத் தீர்மானித்தது கழற்றி மாட்டும் கூலியும், அதற்குப் பின்னால் நிற்கும் ஆபத்தும்தான். வால்வுகள் திறக்கும் நேரத்தைப் பிஸ்டனோடு ஒத்துப்போக வைப்பது சில இஞ்சின்களில் டைமிங் செயின், சிலவற்றில் டைமிங் பெல்ட். செயின் உள்ள மாருதி ஸ்விஃப்ட் டீசல் போன்ற வண்டிகளில் பம்பைச் சுழற்றுவது வெளியே ஓடும் பெல்ட்; அங்கே பம்பைத் தொடுவதற்கு டைமிங்கைக் கலைக்க வேண்டியதில்லை. ரெனால்ட் டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் இஞ்சினைப் போன்றவற்றில் டைமிங் பெல்ட்டே பம்பையும் சுழற்றுகிறது. என் வண்டியும் இந்த இரண்டாவது இனம். இதில் பம்பைக் கழற்ற இஞ்சினைத் தாங்கும் மவுண்டையும் பெல்ட்டை மறைக்கும் மூடியையும் பெல்ட்டையும் எடுத்து, வால்வுகளை இயக்கும் கேம் தண்டும் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டும் குறி மாறாமல் பூட்டி வைத்து, எல்லாவற்றையும் மறுபடி பொருத்தியாக வேண்டும். பம்பின் விலை எதுவானாலும் இந்த வேலைக்கான கூலி மாறப்போவதில்லை. கிட்டில் மிச்சமாகும் பணம் ஒரு முறைக்கான மிச்சம். சீல் சில மாதங்களில் மறுபடி கசிந்தால் அதே கூலியை முழுதாக மறுபடி கொடுக்க வேண்டும்.

கூலியாவது பணத்தோடு போகும். இந்த வகை இஞ்சினில் பம்பின் பேரிங் இறுகி நின்றுவிட்டால் டைமிங் பெல்ட் பல் உதிர்ந்தோ அறுந்தோ போகும். வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்காமல் வண்டி நகராது. பெல்ட் மூடிக்குள்ளேயே கசியும் கூலண்ட் பெல்ட்டில் பட்டு அதையும் கெடுக்கும். கசிவு கண்ணுக்குத் தெரியாது என்பதால், ரிசர்வ் டாங்கியில் அளவு தொடர்ந்து இறங்குவதும் பெல்ட் மூடியின் அடிவிளிம்பில் ஈரக்கறை படிவதும்தான் எச்சரிக்கை. இப்படிப்பட்ட இடத்தில் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பம்ப் மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றுவதுதான் கணக்குக்கு ஒத்துவரும்; பெல்ட் மாற்றும் கிலோமீட்டர் நெருங்கியிருந்தால் பம்ப் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடலாம்.

கம்பெனிப் பெட்டியா, கடைப் பெட்டியா என்பதில் எனக்கு அவ்வளவு பிடிவாதமில்லை. கார் கம்பெனிகள் பலவும் பம்பைத் தாமே வார்ப்பதில்லை. உதிரிபாக நிறுவனங்கள் செய்து கொடுப்பதே பெயர் மாறி வருகிறது. நான் நம்பகமான கடையில் உதிரிபாக நிறுவனத்தின் பெட்டியையே வாங்கினேன், இதுவரை குறையில்லை. நீண்ட ஓட்டத்தில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டா என்று சொல்லுமளவுக்கு அது இன்னும் ஓடவில்லை. போலிப் பெட்டிகளும் சந்தையில் உண்டு. வாங்கும்போது வார்ப்பின் விளிம்புகள், புல்லி சுழலும் சீர், கேஸ்கட் உள்ளே இருக்கிறதா என்பவற்றைப் பார்த்து, பழைய பம்போடு இம்பெல்லரின் அளவை ஒத்துப்பார்த்துக்கொள்வது நல்லது.

பராமரிப்பில் ஒன்றே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: தண்ணீர். திசையன்விளை, உவரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்பும் சுண்ணாம்பும் சீலின் கார்பன் வளையத்தில் படிந்து அதை அரித்துவிடும். தாமிரபரணித் தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்றாலும் துருவைத் தடுக்கும் வேதிப்பொருள் அதில் இல்லை. இஞ்சின் அதைத் தனியாக ஏற்றுக்கொள்ளாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் குறித்த வகைக் கூலண்ட்டைக் காய்ச்சி வடித்த நீரோடு அதில் சொன்ன அளவில் கலந்து ஊற்ற வேண்டும், வேறு வகையோடு சேர்க்கக்கூடாது. புதிய பம்ப் மாட்டியபின் உள்ளே சிக்கிய காற்றை முழுவதும் வெளியேற்றாவிட்டால் முள் மறுபடி ஏறும். பழி புதிய பம்பின் மேல் விழும்.

விற்கும்போது இதற்கெனத் தனி விலை கிடைக்குமா என்றால், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் டைமிங் பெல்ட் வண்டியை வாங்க வருபவர் மெக்கானிக்கையும் கூட்டி வந்தால் அவர் முதலில் கேட்பது பெல்ட் மாற்றிய பில்லைத்தான். அந்தப் பில்லில் பம்பின் பெயரும் கிலோமீட்டரும் எழுதியிருந்தால் பேரம் பேசுவதற்கு ஒரு காரணம் குறையும். லேத் பட்டறையில் போட்ட கிட்டுக்கு அப்படி ஒரு பில் பெரும்பாலும் இருப்பதில்லை.