தரங்கம்பாடியில் மூன்று இரவு, ஒரு நாளைக்கு ஓர் இடம்

போன வருடம் அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு ஊட்டி, கொடைக்கானல் பேக்கேஜ் டூர் போனேன். மூன்று நாளில் பதினேழு இடம். காலை ஆறு மணிக்கே வேன் ஹாரன் அடிப்பார்கள். இரண்டாம் நாள் முட்டி வலி வந்து, அம்மா பாதி இடங்களில் வேனை விட்டே இறங்கவில்லை. ஜன்னல் வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்த அவர் முகம் இன்னும் மனசை அறுக்கிறது.

அதனால் இந்தத் தை மாசக் கடைசியில் ஒரே ஊர், ஒரே வீடு, ஒரு நாளைக்கு ஓர் இடத்துக்கு மேல் கிடையாது என்று முடிவு செய்தேன். திருச்சியிலிருந்து மயிலாடுதுறை வரை ரயில், அப்புறம் தரங்கம்பாடிக்குப் பஸ்.

கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் பழைய ஓட்டு வீடு. தூண் வைத்த திண்ணை, நடுவில் முற்றம், வாடகைக்கு இரண்டே அறை. அறைக்கு ஒரு நாள் 1,800 ரூபாய், சாப்பாடு தனி. வீட்டை நடத்துகிற அக்கா எங்களைப் பார்த்ததும், "அம்மாவுக்குக் காபியா, டீயா?" என்றுதான் கேட்டார். எங்கெல்லாம் போகப் போகிறோம் என்று கேட்கவே இல்லை.

முதல் நாள் டேன்ஸ்போர்க் கோட்டை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் கட்டியது. 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். டூர் வேனில் வந்திருந்தால் கால் மணி நேரம் கொடுத்திருப்பார்கள். நாங்கள் மதில் நிழலில் கடலைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் கடற்கரையிலேயே இருக்கும் மாசிலாமணி நாதர் கோயில். பாண்டியன் குலசேகரன் காலத்துக் கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. பத்து மணிக்குத் திரும்பிவிட்டோம். அதற்குப் பிறகு நடந்ததற்காகவே இந்த வீட்டுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். அக்கா திண்ணையில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மா எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தார். காம்பை இடது கையில் பிடித்து, வலது கை விரலால் இலையை உருவி, பழுத்ததைத் தனியாக ஒதுக்கி... பேச்சு அம்மா பிறந்த ஊர் வரை போனது. அப்பா போன பிறகு அம்மா இத்தனை நேரம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. மத்தியானம் சங்கரா மீன் குழம்பு, அந்தக் கீரைப் பொரியல். சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் நாலு மணி வரை தூங்கினோம்.

மூன்றாம் நாள் அம்மா ஆசைப்பட்ட திருக்கடையூர் அபிராமி. ஆட்டோக்காரர் அப்படியே பூம்புகாரும் காட்டுவதாகச் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் ஆசை வந்தது. அக்காதான், "அதை அடுத்த தடவைக்கு வெச்சுக்கோம்மா, வெயில் ஏறிடும்" என்றார். சரி என்று தரிசனம் முடிந்ததும் திரும்பிவிட்டோம். சாயங்காலம் நானும் பையனும் சும்மா ராஜ வீதியில் நடந்தபோது, 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் கண்ணில் பட்டது. 1706இல் இங்கே வந்து இறங்கி, தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அதற்குள்தான் அடக்கமாகி இருக்கிறார். ஏழாம் வகுப்புப் பையன் தானாகக் கேள்வி கேட்டு நின்றான்.

குறைகளும் உண்டு. கீசர் சின்னது, ஒருவர் குளித்தால் அடுத்தவர் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் முற்றத்தில் கொசு தாங்கவில்லை, கொசுவர்த்தியோடு போங்கள். குளியலறை வாசல்படி உயரம், பிடித்து ஏறக் கம்பி இல்லை. வயதானவர்கள் வரும் வீட்டில் அது கட்டாயம் வேண்டும் என்று அக்காவிடமே சொல்லிவிட்டு வந்தேன். கொத்தனாரைக் கூப்பிடுவதாகச் சொன்னார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் நாள் இரவே சொல்லிவிட வேண்டும். மீன் மட்டும் காலையில் படகு வந்த பிறகுதான் முடிவாகும்.